மிதிப்பவருக்கே துணை

சென்ற அக்டோபர் மாத இறுதியில் பிரான்சு நாட்டிலிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் குருமடத்தில் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற நண்பர். இப்போது பர்கண்டிப் பகுதியில் பங்குப் பணி புரிந்து வருபவர். பாண்டித்தியம் மிகுந்த செய்தி ஏதேனும் இருக்குமென்று பிரித்தோம். இருந்ததோ ஒரு மிதிவண்டிப் பயணத்தின் கதை!

போன் என்னும் ஊரிலிருந்து, வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, பத்துப் பேர் மின்கலம் பொருத்திய மிதிவண்டிகளில் ஒரு நாள் முழுவதும் திராட்சைத் தோட்டங்களினூடே சென்றார்களாம். பொமார், மெர்சோ ஆகிய சிற்றூர்களைக் கடந்து சாந்த்னே வரையில், இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம், தோட்டங்களுக்கு இடையிலேயே மிதிவண்டிக்கென்று பாதை அமைத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. ஒரு கற்சுவருக்கு இப்பால் விளைந்த பழத்தின் இரசத்துக்கு ஒரு விலை, அப்பால் விளைந்ததற்கு வேறு விலை. அந்நிலப் பகுப்பை யுனெஸ்கோ நிறுவனம் 2015-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 1443-இல் ஏழை நோயாளருக்கென்று போன் நகரில் நிறுவப்பட்ட மருத்துவமனைக்குப் பலரும் தோட்டங்களைத் தானமாக எழுதிவைத்ததையும், அத்தோட்டங்களின் திராட்சை இரசம் 1859 முதல் பொது ஏலத்தில் விற்கப்பட்டு அறப்பணிக்குப் பயன்படுவதையும் நண்பர் சுவைபட எழுதியிருந்தார். இறுதியில் ஒரு கேள்வி: "உமது பக்கத்தில் இப்படி ஒரு நாள் சுற்றிக் காண என்ன இருக்கிறது? நீர் கண்டதுண்டா?"

கேள்வி நம்மைச் சற்றே குத்தியது. திராட்சைக்கொடி தமிழகத்துக்குப் புதிதன்று. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குரு இங்குக் கொணர்ந்தார் என்பர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கம்பம் நமக்கு வெகுதொலைவு. நம் பங்கிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருப்பது காஞ்சிபுரம். அங்கே விளைவது பழமன்று, பட்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காஞ்சிக்குப் போய் வருகிறோம். எதற்கு? பங்கில் எந்த வீட்டில் திருமணம் என்றாலும், "சாமி கூட வந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார்" என்று நம்மை அழைத்துப் போவார்கள். நாமும் பெருமையோடு போவோம், பேரம் பேசுவோம், காப்பி அருந்துவோம், திரும்புவோம். இத்தனை ஆண்டுகளில் ஒரு தறியைக்கூட நாம் பார்த்ததில்லை என்பதை, நண்பரின் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தோம்.

இந்த நிலையில்தான், நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் வந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் தம் மகளுக்குத் திருமணம் என்றும், புடவை எடுக்க நாம் உடன் வரவேண்டும் என்றும் கேட்டார். "வருகிறோம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பகல் முழுவதும் நம்மோடு ஊர் சுற்ற வேண்டும்" என்றோம். மணப்பெண் உடனே இசைந்தாள். சுற்றுலாப் பயணிகளுக்குக் காஞ்சியைச் சுற்றிக்காட்டும் இளைஞர் ஒருவரையும் அவளே தேடிப் பிடித்தாள். மின்மிதிவண்டிகளைச் சென்னையிலிருந்து வாடகைக்குத் தருவித்து வைப்பதாக அவ்விளைஞர் சொன்னார்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கதிரவன் எழுமுன், சின்னக் காஞ்சியில் நாம் அறுவர் வந்து இறங்கினோம். ஆசிரியர், அவர் துணைவியார், மகள், நம் உபதேசியார், இளைஞர் மன்றத்துத் தம்பி ஒருவன், நாம். அங்கி சங்கிலியில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைப் பங்கு இல்லத்திலேயே விட்டுவிட்டுக் காற்சட்டையோடு வந்திருந்தோம். நம்மை அக்கோலத்தில் கண்ட உபதேசியார் புன்னகையை மறைக்கப் பெரிதும் பாடுபட்டார்.

வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். மெலிந்த உடல், தெளிந்த பேச்சு. வண்டியின் இயக்கத்தை நிதானமாக விளக்கினார். பின்சக்கரத்தின் நடுவில் சிறு மோட்டார், சட்டத்தில் மின்கலம். 250 வாட்டுக்கு மிகாத ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் உடையவையாதலால் இவற்றுக்குப் பதிவும் வேண்டியதில்லை, ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தி, உதவி எவ்வளவு வேண்டுமென்று குறித்துக்கொள்ளலாம். "மிதித்தால் மோட்டார் துணைக்கு வரும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்" என்றார்.

எல்லாரும் பொத்தானை அழுத்தினார்கள். நாம் அழுத்தவில்லை. இளங்குருவாக இருந்த நாள்களில் கிளைக் கிராமங்களுக்கு நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்தவராயிற்றே நாம்! "இதெல்லாம் மூட்டு தேய்ந்தவர்களுக்கு" என்று சொல்லி உதவியை அணைத்துவிட்டுப் புறப்பட்டோம். நம்முடைய மூட்டுகளும் தேய்ந்தவையே என்று மருத்துவர் சொல்லி ஈராண்டு ஆகியிருந்தது. அதை அவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தை முதலில் கண்டோம். ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலியைக் கண்டு ஆசிரியர் வாய்பிளந்து நின்றார். அக்கோயில் திருக்குளத்தினுள் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர் திருமேனியை நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கிறார்கள். 1979-க்குப் பின் 2019-இல் எடுத்தபோது 48 நாள்கள் ஊரே மக்கள் வெள்ளத்தில் மிதந்ததை வழிகாட்டி நினைவுகூர்ந்தார். "அந்த நாள்களில்தான் ஃபாதர், வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி இந்தத் தொழில் எனக்குப் பழகிற்று" என்றார்.

அங்கிருந்து பெரிய காஞ்சிக்கு மிதித்தோம். பேருந்தின் இரைச்சலும் இரு சக்கர வண்டிகளின் நெரிசலும் உள்ள சாலையை விடுத்து, தெருக்களின் வழியே அவர் அழைத்துச் சென்றார். காரில் சென்றிருந்தால் காணக்கிட்டாத காட்சிகள் அவை. திண்ணையில் அமர்ந்து இராட்டையில் நூல் சுற்றும் மூதாட்டி. சாய நீர் சொட்டச் சொட்டக் கொடியில் உலரும் பட்டு நூற்கழிகள். தெருவின் நீளத்துக்குப் பாவினை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் இழை இழையாகப் பிரித்துவிடும் குடும்பங்கள். நடந்து போகிறவனுக்கு ஊர் பெரிது. காரில் போகிறவனுக்கு ஊரே இல்லை. இரண்டுக்கும் நடுவில் மிதிவண்டி ஒரு நல்ல அளவு.

ஆனால் இவற்றையெல்லாம் நாம் பின்னால் இருந்தே பார்த்தோம்! மற்ற ஐவரும் காற்றைப்போல் சென்றார்கள். ஆசிரியரின் துணைவியார்கூட, பத்து ஆண்டுகளாக மிதிவண்டியைத் தொடாதவர், தெருமுனையில் நின்று நமக்காகக் காத்திருந்தார். வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரில் பல்லவ அரசர்களின் வரலாறே சிற்பவரிசையாக அமைந்திருப்பதை வழிகாட்டி விளக்கியபோது, நாம் மூச்சு வாங்குவதிலேயே கருத்தாக இருந்தோம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்தை அண்ணாந்து பார்க்கவேண்டியது ஓய்வெடுக்க நல்ல வாய்ப்பாயிற்று. கைலாசநாதர் கோயிலை அடைந்தபோது வலது முழங்கால் நெருப்பாய்க் கொதித்தது.

ஏறத்தாழ கி.பி. 700-ஐ ஒட்டி இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் மணற்கல்லால் எடுத்த அக்கோயிலின் திருச்சுற்றில், வரிசையாக 58 சிறு சந்நிதிகள். அவற்றுள் ஒன்றின் நிழலில் காலை நீட்டி அமர்ந்தோம். வழிகாட்டி அருகே வந்து குந்தினார்.

"ஃபாதர், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? இந்த வண்டி சாதாரண மிதிவண்டியைவிடக் கனம். மின்கலம், மோட்டார் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பொத்தானை அணைத்துவிட்டு மிதிப்பவர் தம் சுமையோடு உதவியின் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறார்."

நாம் சிரித்துவிட்டோம். எத்தனை மறையுரைகளில் தற்பெருமையைப் பற்றிப் பேசியிருப்போம்! இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை. பொத்தானை அழுத்தினோம்.

அதன்பின் திருப்பருத்திக்குன்றம் வரை சென்ற பாதை மறக்கவியலாதது. வேகவதி ஆற்றுக்கு அப்பால் வயல்வெளியை ஒட்டிய அவ்வூரில் சமணக் கோயில் ஒன்று உள்ளது. அதன் மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் காஞ்சியில் பௌத்த மடங்களையும் கண்டு எழுதினார். ஒரே ஊரில் இத்தனை நெறிகள் அருகருகே வாழ்ந்திருக்கின்றன என்று உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டே மிதித்தோம். ஆம், மிதித்தது நாம்தான். யாரோ முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளுவதைப்போல் இருந்ததேயன்றி, நம் கால்களின் வேலை நம் கால்களிடமே இருந்தது. முழங்காலின் கொதிப்பு மட்டும் அடங்கிற்று.

நண்பகலுக்குச் சற்று முன் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தோம். காஞ்சி நெசவின் நெஞ்சகம் அது. நின்று கேட்டால், வீட்டுக்கு வீடு தறியின் ஓசை. ஒரு தாழ்ந்த ஓட்டு வீட்டின்முன் வழிகாட்டி வண்டியை நிறுத்தினார். "இங்கே தறி பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே குழித்தறி. குழியினுள் கால்களை இறக்கி, அறுபது வயது கடந்த நெசவாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருக்கு இடப்புறம் அவர் மனைவி. தறியில் அரக்கு நிற உடல், பச்சைக் கரை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று ஓடுகின்றன. ஒரு கரையின் நாடாவைத் தள்ள இரண்டாம் ஆள் தேவை. இப்படி ஒவ்வோர் ஊடையிலும் உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்குக் கோர்வை என்று பெயர். முந்தானை வேறு நிறமாயின், உடலின் பாவிழை ஒவ்வொன்றையும் முந்தானையின் பாவிழை ஒன்றோடு கையால் முறுக்கிச் சேர்க்கிறார்கள், இழைகளோ ஆயிரக்கணக்கில். பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகைக்குப் பேர்பெற்றது சூரத். அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும்; அதன்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் பூசியிருப்பார்கள். வேலைப்பாட்டுக்கு ஏற்ப ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். மணப்பெண் தறியருகே மண்டியிட்டு, தொடத் தயங்கி, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "தொட்டுப் பாரும்மா" என்றார் அந்த அம்மையார்.

நம் பார்வை நெசவாளரின் கால்மீது சென்றது. தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டி. துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்குகின்றன. எந்த இழை எழவேண்டும், எது தங்கவேண்டும் என்பதை அத்துளைகள் தீர்மானிக்கின்றன. ஆனால் எழவேண்டியவற்றையெல்லாம் எழுப்புவது அவருடைய கால். ஒவ்வொரு முறை மிதிக்கட்டையை அழுத்தும்போதும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. அந்தச் சுருக்கம் நமக்கு அன்று காலைமுதல் நன்கு அறிமுகமானது.

"முழங்காலா?" என்று கேட்டோம்.

"நாப்பது வருசமா மிதிச்ச காலுங்க, ஐயா. உங்களுக்குமா?"

இரு முழங்கால்காரர்கள் அறிமுகமாவதற்கு வேறென்ன வேண்டும்? தைலத்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் சிறிது நேரம் பேசினோம். அப்போதுதான் மூலையில் சாக்கு போர்த்திய ஒரு பொருளைக் கண்டோம். கேட்டோம். பெரியவர் விடை சொல்லவில்லை. நம் வழிகாட்டிதான் சொன்னார்: "மோட்டார், ஃபாதர். ஜக்கார்டைத் தூக்குவதற்கு. காலால் பொத்தானைத் தொட்டால் போதும், அது தூக்கிக் கொடுக்கும். நாடா போடுவது, அச்சு அடிப்பது எல்லாம் கைதான். ஆறு மாதம் சேர்த்து நான் வாங்கினேன். அப்பா பொருத்த விடமாட்டேன் என்கிறார்."

அப்பா! அது அவருடைய வீடு என்பதை அவர் அதுவரை சொல்லவில்லை. தாயாரின் முகத்தைப் பார்த்தோம். மகனின் சாயல் அப்படியே இருந்தது.

பெரியவர் நாடாவை நிறுத்தினார். "கைத்தறின்னு சொல்லி வாங்குறாங்க. நாளைக்கு மோட்டார் வெச்ச தறின்னு ஒருத்தன் சொல்லிட்டா? எங்க தாத்தா, எங்கப்பா எல்லாம் காலாலதானே தூக்கினாங்க?"

அவர் அச்சம் பொருளற்றதன்று. விசைத்தறியின் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்கவே 1985-இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. அவற்றுள் புடவையும் உண்டு. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் கைத்தறி என்று பெயரிட்டு விசைத்தறித் துணியை விற்பவர் இன்றும் உளர். அந்த வஞ்சகத்துக்கு நடுவில், தம் தறி கையால் ஓடும் தறி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியதே அவருடைய சொத்து. அதை ஒரு சிறு மோட்டாருக்காக இழக்கலாமா?

"ஃபாதர், நீங்களாவது சொல்லுங்கள்" என்றார் மகன்.

அறிவுரை சொல்வது நமக்கு வழக்கமான தொழில்தான். அன்று வாய் எழவில்லை. அதற்குப் பதில், அன்று காலை நடந்ததைச் சொன்னோம். பொத்தானை அணைத்துவிட்டு வீம்புக்கு மிதித்ததையும், கைலாசநாதர் கோயிலில் கால் நீட்டி உட்கார்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னோம். அம்மையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் மோட்டாரைப் போட்டீங்களே, ஐயா, வண்டியை ஓட்டினது நீங்களா, அதுவா?"

"நாம்தான். மிதிக்காவிட்டால் நின்றுவிடுகிறது."

அவர் குழியிலிருந்து கையூன்றி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "எங்க, அதைக் கொஞ்சம் குடு" என்று மகனிடம் கேட்டார். தெருவில் இறங்கி நம் வண்டியில் ஏறினார். எத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஏறினாரோ! முதலில் தள்ளாடிற்று. பிறகு நேராயிற்று. தெருக்கோடிவரை சென்று, வளைந்து திரும்பினார். நடுவழியில் வேண்டுமென்றே காலை நிறுத்திப் பார்த்தார், வண்டி தளர்ந்தது. மீண்டும் மிதித்தார், விரைந்தது. திண்ணைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் இறங்கி, வண்டியை நம்மிடம் கொடுத்து, மகனைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்:

"நான்தான் மிதிச்சேன்."

அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மோர் வந்தது. அருந்திக்கொண்டே ஆசிரியர், மகன் தறியை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்காட்டப் போய்விட்டானே என்று வருத்தமில்லையா என்று கேட்டார். அது நாம் கேட்க நினைத்து அடக்கிக்கொண்ட கேள்வி. பெரியவர் தயங்காமல் சொன்னார்: "மிசினைப் பார்த்து அவன் பயந்து ஓடல சார். கூலியைப் பார்த்துத்தான் ஓடினான். ரெண்டு பேரு உட்கார்ந்து நெய்யுற புடவைக்கு ஒருத்தர் கூலி. கடையில வந்து அதையும் கொறைக்கச் சொல்றாங்க."

கடையில் வந்து குறைக்கச் சொல்பவர் யார் என்று நமக்குத் தெரியும். உபதேசியார் நம்மைப் பார்க்கவில்லை. அது அவருடைய பண்பு.

திரும்பி வந்தபின் நண்பருக்கு இவற்றையெல்லாம் எழுதினோம். அவர் எழுதிய மறுமொழி ஒரு வியப்பைக் கொணர்ந்தது. அவர் சுற்றிய திராட்சைத் தோட்டங்களுக்குத் தெற்கே லியோன் நகர் இருக்கிறது. பட்டுக்குப் பேர்போன ஊர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜக்கார்டு என்பவர் 1804-இல் அங்கேதான் அந்தத் துளையட்டைக் கருவியை உருவாக்கினார். அதற்குமுன் தறியின் கயிறுகளை இழுத்துக் கொடுக்கத் தனியாக ஓர் ஆள், பெரும்பாலும் ஒரு சிறுவன், நாள் முழுதும் நின்றான். கருவி வந்தபோது பிழைப்புப் போயிற்றென்று பலர் சினந்தது உண்மை. ஆனால் 1831 நவம்பரில் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து நகரையே கைப்பற்றியது கருவிக்கு எதிராக அன்று. தாங்கள் நெய்யும் துணிக்கு இவ்வளவு கூலி என்று ஒப்புக்கொள்ளப்பட்ட விகிதத்தை முதலாளிகள் கொடுக்க மறுத்ததற்கு எதிராக. படை வந்து அவர்களை அடக்கிற்று. 1834-இல் மீண்டும் எழுந்தார்கள், மீண்டும் அடக்கப்பட்டார்கள். பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் அந்த வரலாற்றைப் படித்தவர் அல்லர். ஆயினும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

நாமோ இத்தனை நாளும் எல்லா இயந்திரத்தையும் ஒரே தராசில் வைத்துப் பழித்தோ புகழ்ந்தோ வந்திருக்கிறோம். உழைப்பவனை எழுப்பிவிட்டுத் தான் அமரும் கருவி ஒன்று. உழைப்பவன் அருகில் நின்று அவன் வலியை மட்டும் வாங்கிக்கொள்ளும் கருவி இன்னொன்று. முதலாவதைக் கண்டு அஞ்சுவது நியாயம். இரண்டாவதை மறுப்பது நம் வீம்பு. எது எதுவென்று அறிய ஒரு கேள்வி போதும்: நான் நிறுத்தினால் அது நிற்குமா? ஆனால் எந்தக் கருவியும் கூலிக்கு ஈடாகாது. முழங்காலின் வலியை மோட்டார் வாங்கிக்கொள்ளும். வயிற்றின் வலியை வாங்குகிறவர்கள்தாம் தீர்க்க வேண்டும்.

அன்று மாலைக்குத் திரும்புவோம். கடைக்குப் போனோம். பல புடவைகள் விரிக்கப்பட்டன. பட்டு முத்திரை, கைத்தறி முத்திரை இரண்டையும் மணப்பெண்ணே தேடிப் பார்த்தாள். கரையைத் திருப்பிக் கோர்வையின் சேர்க்கையைத் தடவிப் பார்த்தாள். சரிகை மிகுந்ததொன்றின்மீது தாயாருக்கு ஆசை. அதன் விலையோ கைக்கு அப்பால். வழக்கம்போல் ஆசிரியர் நம் பக்கம் திரும்பினார். கடைக்காரரும் நம்மை அறிந்தவராதலால் பேரத்துக்கு ஆயத்தமாகப் புன்னகைத்தார். நாம் வாய் திறக்கவில்லை. சிறிது நேரம் சங்கடமான அமைதி. முப்பது ஆண்டுப் பழக்கம் நாக்கின் நுனியில் நின்று துடித்ததை ஒளிப்பானேன்?

அமைதியைக் கலைத்தவள் மணப்பெண். "அப்பா, குறுகிய கரை வைத்தது போதும். முழு விலை கொடுத்து வாங்குவோம்" என்றாள். மாம்பழ நிறத்தில், குறுகிய பச்சைக் கரையிட்ட புடவை ஒன்றை எடுத்தாள். சொன்ன விலையை ஆசிரியர் கொடுத்தார். அப்பணத்தில் தறிக்காரருக்கு எத்துணை போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அதைக் குறைத்த கை இம்முறை நம்முடையதாக இருக்கவில்லை.

பொழுது சாயும் வேளையில் வண்டிகளைத் திருப்பிக் கொடுத்தோம். வண்டியின் எண் பலகையில் அன்று நாம் கடந்த தூரம் 22 கிலோமீட்டர் என்று காட்டியது. நண்பர் சுற்றிய திராட்சைப் பாதையும் ஏறத்தாழ அதே தூரந்தான்! வழிகாட்டி விடைபெறும்போது, "அப்பா மோட்டார்மேல் இருந்த சாக்கை எடுத்துவிட்டாராம், அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். பொருத்தச் சொல்லவில்லை. சாக்கை எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நோக்க, அவ்வளவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அன்புக் குடும்பங்களே, உங்கள் வீட்டிலும் திருமணம் வரும். நீங்களும் காஞ்சிக்குச் செல்வீர்கள். பகல் முழுதும் கடையில் கழிக்காதீர்கள். விடியலில் போய் இறங்குங்கள். ஊர் அறிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிதிவண்டி கிடைத்தால் நன்று, இல்லையேல் நடங்கள். பாவு நீட்டும் தெருவைப் பாருங்கள். ஒரு தறியின் அருகே கால் மணி நேரமேனும் உட்காருங்கள். அதன்பின் கடைக்குப் போங்கள். எவ்வளவு பேரம் பேசுவது என்பதை உங்கள் மனமே சொல்லும்.

நம்மை அழைக்க வேண்டா என்று சொல்லவில்லை. வருவோம். ஆனால் விலையைக் குறைக்க அன்று, வண்டி மிதிக்க. பொத்தானை முதலிலேயே அழுத்திவிடுவோம்.